வெள்ளை நூல்

சீருடை என்னும் சொல் காதில் விழும்போதெல்லாம் என் மனக்கண்முன் வந்து நிற்பது, நான் முதன்முதலில் உபாத்தியாயினியாகப் பணியேற்ற சிற்றூர்ப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் காலைப் பிரார்த்தனைக் கூட்டந்தான். 1970களின் தொடக்கம் அது. வேப்பமர நிழலில் வரிசையாக நின்ற பெண்கள் எல்லோரும் கருநீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும், மேல்வகுப்பினரானால் அவற்றோடு வெள்ளைத் தாவணியும் அணிந்து, மடித்துக் கட்டிய இரட்டைச் சடையும் கறுப்பு ரிப்பனுமாகக் காட்சியளித்தபோது, முதல் வாரத்தில் ஒருத்திக்கும் மற்றொருத்திக்கும் எனக்கு வேற்றுமை தெரியவில்லை. ஒரு மாதம் சென்றபின்னரோ, முதுகுப்புறத்தைக் கண்டே இன்னாள் என்று சொல்லிவிடும் நிலைக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு மாதத்தில் என் கண் கற்றுக்கொண்ட பாடத்தைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

சீருடையின்மீது எனக்குள்ள மதிப்பு ஆழமானது. காமராஜர் ஆட்சிக்காலத்தில், கல்வித் துறையின் இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்ததோடு ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் வழங்கினார்கள். பட்டுப் பாவாடையும் ஒட்டுப்போட்ட பாவாடையும் அடுத்தடுத்து உட்காரக் கூசிய வகுப்பறைகளுக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை, சட்டைக் கிழிசலைச் சிலேட்டால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்று பதில் சொன்ன குழந்தையாக இருந்த நான் நன்றாக அறிவேன்.

ஆனால் விதி சொல்லக்கூடியது பெரும்பாலும் துணியையும் நிறத்தையுமே. அத்துணியைத் துவைத்து உலர்த்தி மடித்து உடுத்தும் கை விதிக்கு அப்பாற்பட்டது. பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு ஜோடிதான். மாலையில் வீடு திரும்பியதும் அதைக் களைந்து, சவுக்காரமிட்டுக் கசக்கி, சட்டைக்கு நீலம் போட்டு, வடித்த கஞ்சியில் முக்கிக் கொடியில் போடுவார்கள். இஸ்திரிப் பெட்டி இல்லாதவர்கள் பித்தளைச் செம்பில் அடுப்புக் கனலை அள்ளிப் போட்டுத் தேய்ப்பார்கள். அதற்கும் பொழுதில்லாதவர்கள் பாயின் கீழே மடித்து வைத்து அதன்மேல் படுத்துக்கொள்வார்கள். இவ்வளவும் ஒரே வெண்மையைப் பெறுவதற்காகச் செய்யப்பட்ட பிரயத்தனங்களே ஆயினும், ஒருத்தி சட்டையின் வெண்மை மற்றொருத்தியின் வெண்மையாக ஒருநாளும் இருந்ததில்லை. நீலம் சற்றுத் தூக்கலாகப் போடும் தாய், கஞ்சியை மொடமொடப்பாக வைக்கும் அக்காள், விசிறிமடிப்புக் கலையாமல் தாவணியைக் குத்திக்கொள்ளும் பெண் என்று ஒவ்வொருவர் சுபாவமும் அதில் பதிந்திருந்தது.

பாவாடைக்கு வைத்துத் தைத்த டக்கைப் பற்றித் தனியாகவே சொல்லவேண்டும். வளரும் பெண்ணுக்கு ஆண்டுதோறும் புதுப் பாவாடை தைக்க வசதியற்ற தாய்மார், முதலிலேயே துணியை நீளமாக எடுத்து இரண்டு மூன்று டக் வைத்துத் தைத்துவிட்டு, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒன்றைப் பிரித்துவிடுவார்கள். வெயில் படாமல் உள்ளே மறைந்திருந்த பாகம் கருநீலம் மாறாமலும், மற்றப் பாகம் வெளுத்தும் இருக்குமாதலால், பிரித்த இடம் பட்டையாகத் தெரியும். அப்பட்டைகளை எண்ணி அந்தப் பாவாடையின் வயதைச் சொல்லிவிடலாம். அந்தத் தடம் வெளியே தெரிவதைப் பொறாத ஒரு பெண், அதன் இரு ஓரங்களிலும் கருநீல நூலாலேயே சங்கிலித் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். இல்லாமையின் அடையாளம் அவள் கையில் கரையாக மாறிவிட்டது. அதைவிட அழகான அலங்காரத்தை நான் கல்யாண வீடுகளிலும் கண்டதில்லை.

பூவைப் பற்றி எங்கள் பள்ளி விதி எதுவும் சொல்லவில்லை. ஆதலால் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும், மார்கழியில் டிசம்பர்ப் பூவும் அந்த வரிசைகளுக்கு வண்ணம் கொடுத்தன.

விதி ஒன்றாயினும் உடுத்துபவர் சுபாவம் அதில் தெரியும் என்பது பெரியோர்களிடத்தும் உண்மை. கதர் என்னும் ஒரே விதிக்கு உட்பட்டவர்கள்தாமே ராஜாஜியும் காமராஜரும்! ஆயினும் கறுப்புக் கண்ணாடியும் மடிப்புக் கலையாத மேல்துண்டுமாக வருபவர் ஒருவர், தொளதொளத்த அரைக்கைச் சட்டையும் தோளில் துண்டுமாக வருபவர் மற்றொருவர் என்பது எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

இன்று அரசாங்கமே ஆண்டுக்கு நான்கு ஜோடி கொடுக்கிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்பட்டு வரும் அவ்வுடைகளை, அண்டை வீட்டுப் பாட்டி பேத்தியின் அளவுக்குப் பிரித்துத் தைப்பதைப் பார்க்கும்போது, பழைய கை இன்னும் ஓயவில்லை என்று என் மனம் நிறைகிறது. கூடவே, அந்தப் பழைய பள்ளியில் நடந்த ஒன்றை நினைத்து ஒரு வேதனையும் எழுகிறது.

எனக்கு அப்போது 23 வயது. மேலதிகாரி பள்ளியைப் பார்வையிட வரப்போகும் செய்தி வந்திருந்ததால், சீருடைகளைப் பரிசோதிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி, பாப்ளின் சட்டையின் கைவிளிம்பைச் சுற்றி வெள்ளை நூலால் மல்லிகை மொக்குகளை வரிசையாகப் பின்னியிருந்தாள். அருகில் சென்று குனிந்து பார்த்தாலன்றி அது கண்ணுக்குத் தெரியாது. பூத்தையல் கூடாதென்பது விதி. நான் அதை எடுத்துக் கூறினேன்.

"வெள்ளைதானே டீச்சர்?" என்றாள் அவள்.

எதிர்த்துப் பேசியதாகவே அதை அன்று எடுத்துக்கொண்டேன். அவள் கேட்டது விதியையும் தன்னையும் ஒருசேரக் காப்பாற்றிக்கொள்ள அவள் கண்டுபிடித்த வழிக்கு என் சம்மதத்தைத்தான் என்பது எனக்குப் புலப்படவில்லை. இடைவேளையில் பிளேடு ஒன்றைக் கொடுத்துப் பிரித்துவிடச் சொன்னேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, துணி அறுந்துவிடாதபடி ஒவ்வோர் இழையாக நிதானமாக எடுத்தாள், அழவில்லை.

மறுநாள் காலை, துவைத்துக் கஞ்சி போட்ட அதே சட்டையோடு பிரார்த்தனை வரிசையில் நின்றிருந்தாள். நான் அவள் பக்கமாக நடந்து சென்றேன். நூல் போயிருந்தது, ஊசித் துளைகள் மட்டும், அதே மொக்குகளின் வடிவில், கையைச் சுற்றி வரிசை தவறாமல் இருந்தன.