சொன்ன குறையும் சொல்லாத குறையும்

டோர்ட்முண்ட், ஜெர்மனி



விலையைக் குறைத்துக் கொடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது. 1933இல் வந்த தள்ளுபடிச் சட்டப்படி, ரொக்கமாகக் காசு கொடுக்கும் வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் அதிகபட்சம் 3 சதவீதம்தான் குறைக்கலாம். இட்லர் ஆட்சியில் வந்த அந்தச் சட்டம் இட்லர் போய் அரை நூற்றாண்டு கடந்தும் உயிரோடு இருந்தது. 2001 ஜூலையில்தான் அதை நீக்கினார்கள். சட்டம் போய்விட்டது, கூச்சம் போகவில்லை. இன்றைக்கும் துணிக்கடையில், செருப்புக்கடையில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை. “கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க” என்று கேட்க இங்கே யாருக்கும் வாய் வராது.

இதே ஜெர்மன்காரர்கள் வெட்கப்படாமல் பேரம் பேசும் இடம் ஒன்று உண்டு. அது பழைய கார். தனியாள் தனியாளுக்கு விற்பதை அந்தச் சட்டம் தொட்டதே இல்லை. அண்மை ஆண்டுகளில் இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லட்சம் பழைய கார்கள் கை மாறுகின்றன. புதுக்கார் விற்பனை 30 லட்சத்தைக்கூட எட்டுவதில்லை. ஆக, நாட்டின் பெரிய சந்தை பேரச் சந்தைதான்.

வீட்டில் இரண்டாவது குழந்தை வந்ததும் நாங்களும் அந்தச் சந்தையில் இறங்கினோம். தேடியது ஒரு ‘கோம்பி’. கூரை பின்பக்கம் வரை நீண்டு, பின்கதவைத் தூக்கினால் சின்ன அறையே திறந்ததுபோல் இருக்கும் ஸ்டேஷன் வேகனுக்கு இங்கே அந்தப் பெயர். நம்மூரில் டாடா எஸ்டேட், இண்டிகோ மரினா என்று வந்து பார்த்து, எடுபடாமல் போன வகை. இங்கே நடுத்தரக் குடும்பத்தின் வண்டியே அதுதான். பஸாட் காரை ஃபோக்ஸ்வாகன் 1973இல் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே வேகன் வடிவமும் வந்தது. 2023இல் வந்த புதிய பஸாட்டை ஐரோப்பாவில் வேகனாக மட்டுமே விற்கிறார்கள். செடான் நின்றுபோய்விட்டது. குழந்தை வண்டியை மடக்காமல் ஏற்றலாம். இருபது கிலோ அரிசி மூட்டையைப் போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும். கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போகும்போது பாருங்கள், கார் நிறுத்துமிடத்தில் பாதி கோம்பியாகத்தான் நிற்கும்.

பழைய கார் விளம்பரங்களுக்கு ஒரு தனிமொழி இருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் ‘ஃபௌ பே’ என்று இரண்டெழுத்து இருந்தால் பேசலாம். ‘ஃபெஸ்ட்ப்ரைஸ்’ என்று இருந்தால் பேச்சே கிடையாது. முதல் கை, புகை பிடிக்காதவர் வண்டி, கராஜில் நின்ற வண்டி, சர்வீஸ் புத்தகம் முழுமை, எட்டு டயர் என்று வரிசையாக வரும். எட்டு டயர் என்றால் கோடைக்கு நாலு, பனிக்காலத்துக்கு நாலு. ‘ஓய்வு பெற்றவர் ஓட்டியது’ என்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஈரோட்டு ஆட்டோ கன்சல்டிங்கில் காதில் விழும் ‘சார், டாக்டர் ஓட்டின வண்டி’ நினைவுக்கு வரும். எந்த ஊரிலும் டாக்டர்களும் தாத்தாக்களும் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள் போலிருக்கிறது.

எனக்குத் துணைக்கு வந்தவர் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். விளம்பரத்தைக் காட்டியதும் அவர் சொன்ன முதல் புத்தி இதுதான்: “தம்பி, போனிலை விலை கேக்காதையும். ‘கடைசி விலை என்ன’ எண்டு கேட்டால் அந்தாள் போனை வைச்சிடும். முதல்லை காரைப் பாப்பம்.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. காரைப் பார்க்காமலே ‘கடைசி விலை’ கேட்பவர்களைப் பற்றி இங்கே ஏகப்பட்ட கேலி உண்டு. அந்தக் கேலி பெரும்பாலும் நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் பேசும் ஜெர்மனைக் குறிவைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், பார்க்காத பொருளுக்கு விலை குறைக்கச் சொன்னால், எதற்காகக் குறைக்க வேண்டும் என்று விற்பவர் கேட்பது நியாயம்தானே?

நாங்கள் போய்ப் பார்த்தது சவர்லாண்ட் மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடைய வண்டி. 2015 பஸாட் வேகன், டீசல், ஓடியது 1,96,000 கிலோமீட்டர், கேட்ட விலை 9,800 யூரோ, பக்கத்தில் அந்த இரண்டெழுத்து. பின்கதவில் ஒரு கீறல் இருப்பதையும், ஏசியின் குளிர் குறைந்திருப்பதையும் விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்.

அண்ணன் கை குலுக்கிய கையோடு பானட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோளாறுள்ள எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் முக்கும், புகைக்கும். பானட் ஜில்லென்று இருந்தது. அடுத்துச் சட்டைப்பையிலிருந்து பெயிண்ட் தடிமன் அளக்கும் சின்னக் கருவியை எடுத்து ஒவ்வொரு கதவிலும் வைத்தார். கம்பெனி பெயிண்ட் என்றால் 100 மைக்ரானைச் சுற்றி நிற்கும். டிங்கரிங் பண்ணிப் பட்டி பார்த்த இடத்தில் பல நூறைத் தாண்டும். எங்கும் தாண்டவில்லை.

ஆசிரியர் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆயில் மாற்றிய ரசீது முதல் வைப்பர் வாங்கிய பில் வரை தேதிவாரியாகக் குத்தியிருந்தது. அண்ணன் முதலில் தேடியது தகுதிச் சோதனை அறிக்கைகளை. ஊர் வழக்கில் ‘டூஃப்’ என்பார்கள், நம்மூர் எஃப்சி மாதிரி. புதுக்காருக்கு மூன்று ஆண்டு கழித்து முதல் சோதனை, அதற்குப்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு அறிக்கையிலும் அன்றைய கிலோமீட்டர் கணக்கு அச்சாகியிருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று ஓரளவு தெரிந்துவிடும். கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது இங்கே 2005 முதல் குற்றம், ஓராண்டு வரை சிறை. அப்படியும் அந்தத் தொழில் ஒழியவில்லை. அதனால்தான் வாய்ச்சொல்லைவிடக் காகிதத்துக்கு இத்தனை மதிப்பு.

டீசல் என்பதால் மனைவிக்கு ஒரு தயக்கம் இருந்தது. 2015 செப்டம்பரில் வெடித்த புகை மோசடி விவகாரம் டீசல் வண்டிகளின் பெயரையே கெடுத்துவிட்டது. 2018இல் ஹாம்பர்க்கில் சில சாலைப் பகுதிகளில் பழைய டீசல்களுக்குத் தடை வந்தபோது அவற்றின் மவுசு இன்னும் இறங்கியது. பதிவுப் புத்தகத்தில், அந்தத் தடைக்குள் வராத புகைத் தரமான ‘யூரோ 6’ என்று இருந்ததைப் பார்த்தபின்தான் அவள் முகம் தெளிந்தது.

கடைசியில் பேரம். நான் பின்கதவுக் கீறலில் கை வைத்தேன். அண்ணன் தமிழில் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, சொன்ன குறைக்குக் காசு கேக்கக் கூடாது. அதைக் கழிச்சுத்தான் அந்தாள் விலை போட்டிருக்கும். சொல்லாததைக் கண்டுபிடிச்சால் கேளும்.”

சொல்லாதவை இரண்டு இருந்தன. கராஜில் அடுக்கியிருந்த பனிக்கால டயரின் பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கம் 3915. 2015ஆம் ஆண்டின் 39ஆவது வாரம் செய்தது என்று பொருள். பட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பர் பத்து வயதில் இறுகிப்போயிருக்கும். பனியில் பிடிக்காது. நாலு டயருக்குச் சுமார் 400 யூரோ. இரண்டாவது, டைமிங் பெல்ட். இந்த எஞ்சினுக்கு 2,10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். விட்டால் பெல்ட் அறுந்து எஞ்சினே போகும். வாட்டர் பம்பும் சேர்த்து மாற்ற எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் 900 யூரோ சொன்னார்கள். அத்தனை ரசீதுகளுக்கு நடுவே இதற்கு மட்டும் ரசீது இல்லை.

கணக்கைக் காகிதத்தில் எழுதி 8,500 கேட்டேன். ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “டயர் சரி. ஆனால் பெல்ட் இன்னும் 14,000 கிலோமீட்டர் ஓடும். முழுச் செலவையும் என் தலையில் கட்டுகிறீர்களே?”

“பெல்ட்டின் ஆயுள் 2,10,000. அதில் 1,96,000 ஓட்டித் தீர்த்தவர் நீங்கள்” என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். என்ன பாடம் எடுத்தாரோ, கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது. வேறொரு விஷயத்தைச் சொன்னார்: கோடைக்கால டயர் நாலும் போன வசந்தத்தில் போட்ட புது டயர்கள், விளம்பரத்தில் அதைப் பெருமையாக எழுதவில்லை. ரசீது ஃபைலில் இருந்தது. சொல்லாத குறைக்குக் கழிவு என்றால் சொல்லாத நிறைக்குக் கூடுதல் வேண்டாமா? 8,900 யூரோவில் கை குலுக்கினோம்.

நான் காங்கேயம் பக்கத்துக்காரன். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன். அங்கே விலை மூடியிருக்கும், மாடு வெளிச்சத்தில் நிற்கும். பல்லைப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். காரில் அப்படி இல்லை. விலை வெளியே தெரிகிறது, வியாதி உள்ளே இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று தெரியாதபோது, வாங்குபவர் எல்லா வண்டிக்கும் ஒரு சராசரி விலைதான் கொடுக்கத் துணிவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்குவார். மிஞ்சுவது கெட்ட வண்டிகள். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இங்கே தள்ளுபடிச் சட்டம் செத்ததும் அதே ஆண்டில்தான்.

அண்ணன் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் சொன்ன ஒற்றை விதி அந்த நோய்க்கு நேர் மருந்து. கீறலை எழுதியவரிடம் கீறலைக் காட்டி விலை குறைத்தால், உண்மை சொன்னதற்கு அபராதம் போடுகிறோம். அடுத்தமுறை அவர் எழுதமாட்டார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் எழுதமாட்டார். பேரம் என்பது முடிந்தவரை கறந்துவிடுவது என்று நினைப்பவருக்கு இது ஏமாளித்தனமாகத் தெரியும். எனக்கு, நியாய விலை என்பதற்கு இதைவிட எளிய அளவுகோல் தெரியவில்லை: குறைத்த ஒவ்வொரு யூரோவுக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்டு எதிராளி தலையாட்ட வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்குச் சில விஷயங்கள். டீலரிடம் வாங்கினால் விலை கூடுதலாக இருக்கும். ஆனால் பழைய காருக்கும் குறைந்தது ஓராண்டு அவர் சட்டப்படி பொறுப்பு. 2022 முதல், முதல் 12 மாதத்தில் கோளாறு வந்தால் அது விற்கும்போது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. தனியாள் அந்தப் பொறுப்பையே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தட்டிக்கழித்துவிடலாம், அதனால் விலையும் குறைவு. ஆனால் தெரிந்த கோளாறை வேண்டுமென்றே மறைத்தது தெரியவந்தால் அந்த வரி அவரைக் காப்பாற்றாது. ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது. விபத்து உண்டா, எத்தனை சாவி, என்னென்ன குறை என்று கேட்கும் கட்டங்களில் ஒன்றையும் காலியாக விடாதீர்கள். வண்டியோடு பதிவுப் புத்தகத்தின் இரண்டு பாகமும் கைக்கு வராமல் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். ஊரில் இருக்கும்போது ஆர்சி புக் ‘பின்னாடி வரும்’ என்ற வாக்கை நம்பியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

வண்டி இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது. பெல்ட் மாற்றியாயிற்று, ஏசிக்கு வாயு நிரப்பியாயிற்று, கீறலை அப்படியே விட்டுவிட்டேன். பிள்ளைகள் வளர்ந்து இதை விற்கும் நாள் வரும்போது விளம்பரத்தின் முதல் வரியில் அந்தக் கீறலை எழுதுவேன். வந்து பார்த்துவிட்டு, “பின்கதவில் கீறல் இருக்கிறதே, நூறு யூரோ குறையுங்கள்” என்று கேட்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்த நண்பன்