தீக்கு மட்டுமல்ல, புகைக்கும் நேரம் பார்க்க வேண்டும்

தை பிறந்ததும் மலையடிவாரத் தோட்டக்காரர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "காட்டைக் காப்பாற்ற வேண்டிய வனத்துறையே காட்டோரத்தில் ஏன் தீ வைக்கிறது? அந்தப் புகை எங்கள் வீட்டுக்குள் வருகிறதே, அதற்கு என்ன வழி?" கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் எளிது. இரண்டாம் பாதிதான் யோசிக்க வேண்டியது.

மழைக்காலத்தில் ஆள் உயரம் வளர்ந்த புல், பனி முடியும்போது காய்ந்து நிற்கும். பங்குனி வெயிலில் அணையாத ஒரு பீடித் துண்டு போதும், மலையே பற்றிக்கொள்ளும். அதனால் கோடை முற்றுவதற்கு முன்பே சாலையோரத்திலும் காட்டெல்லையிலும் நீளப் பட்டையாகப் புல்லை வெட்டிக் காயவிட்டு, சுற்றிலும் ஆட்களை நிறுத்தி, அடக்கி எரிக்கிறார்கள். இதுதான் தீத்தடுப்புக் கோடு. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் வேலை இது. பின்னால் ஒரு பெரிய தீ வந்தாலும், எரிய எதுவும் இல்லாத அந்தக் கரும்பட்டையில் அதை மடக்கலாம்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களான புளோரிடா, ஜார்ஜியாவில் இதைவிடப் பெரிய அளவில் செய்கிறார்கள். அங்குள்ள நீள ஊசியிலைப் பைன் மரக்காடுகளில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தடிச் சருகையும் புதரையும் திட்டமிட்டு எரிக்கிறார்கள். புளோரிடாவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் இப்படி எரிக்கப்படுகிறது. சொந்த நிலமாக இருந்தாலும் அன்றன்றைக்கு அனுமதி வாங்க வேண்டும். 1990-இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எத்தனை ஏக்கர், எத்தனை ஆள் என்று கேட்பதோடு, "இன்று புகை எங்கே போகும்?" என்பதற்கும் வானிலை முன்னறிவிப்பில் விடை தேடுகிறார்கள்.

அதற்கு அவர்கள் பார்ப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, புகை எவ்வளவு உயரம் ஏற முடியும் என்பது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்று மேலே கிளம்பும். புகையும் அதோடு ஏறிக் கலைந்துபோகும். அப்படிக் கலந்து ஏறக்கூடிய எல்லையைக் கலப்பு உயரம் என்கிறார்கள். அது ஏறத்தாழ 500 மீட்டராவது இருந்தால்தான் தீ வைக்கலாம் என்பது அங்கே பொதுவான அளவு. இரண்டாவது, அந்த உயரத்தில் வீசும் காற்று. மணிக்குச் சுமார் 15 முதல் 30 கிலோமீட்டர் வேகம் நல்லது. அதற்குக் குறைந்தால் புகை தேங்கும், கூடினால் தீ கைமீறும்.

இந்த இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் எண்தான் காற்றோட்டக் குறியீடு. கலப்பு உயரம் 1,500 மீட்டர், காற்று வினாடிக்கு 4 மீட்டர் என்றால் 6,000 வரும். டில்லியின் காற்று மாசு முன்னறிவிப்பிலும் இதே கணக்கு உண்டு. குறியீடு 6,000-க்குக் கீழே இருந்து, காற்று வேகமும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைந்தால், புகை கலைவதற்கு ஏற்ற நாள் அல்ல என்று சொல்கிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் பகலுக்குத்தான். பொழுது சாய்ந்ததும் தரை குளிரும், அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கும். மேலே சூடான காற்று மூடிபோல் நின்றுவிடுவதால் புகை ஏறாது. மலைச்சரிவில் குளிர்ந்த காற்று தண்ணீர்போல ஓடை வழியே பள்ளத்துக்கு இறங்கும், புகையும் கூடவே இறங்கும். பள்ளத்தில்தான் நம் வீடுகளும் கட்டுத்தரைகளும் இருக்கின்றன.

கொழுந்துவிட்டு எரியும் தீ புகையை மேலே தள்ளிவிடும். தீ அடங்கிய பிறகு கட்டையும் வேரும் கனன்றுகொண்டே விடும் புகைக்கு அந்தச் சூடு இல்லை. அதிலுள்ள நீராவியும் நுண்துகளும் விடியற்காலை ஈரக்காற்றில் கலந்தால், சாதாரணப் பனிமூட்டத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியான மூட்டம் உண்டாகும். மூன்று மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது.

2008 ஜனவரி 8-ஆம் தேதி புளோரிடாவில் திட்டமிட்டு வைத்த ஒரு தீ எல்லை தாண்டிப் பரவியது. மறுநாள் விடியற்காலை அதன் புகை பனியோடு சேர்ந்து, டாம்பாவையும் ஒர்லாண்டோவையும் இணைக்கும் நெடுஞ்சாலையை மூடியது. ஏறத்தாழ 70 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஐந்து பேர் இறந்தார்கள். அனுபவமும் சட்டமும் முன்னறிவிப்பும் உள்ள இடத்திலேயே இப்படி நேர்ந்தது. அதனால் அங்கே இரவின் ஈரப்பதத்தையும் பனிமூட்டத்தையும் பார்க்காமல் பகலில் தீ வைப்பதில்லை.

நம் பக்கம் இந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதற்குப் பவானிசாகர் பக்கத்துக் காட்டோரத்தில் நடந்த ஒரு பேச்சே போதும். தீக்கோடு எரிக்க வந்த வேட்டைத் தடுப்புக் காவலரிடம் ஒரு தோட்டத்து அம்மா சொன்னார்: "தம்பி, தீ வைக்க வேண்டாம்னு நான் சொல்லலீங்க. பொழுது சாய வைக்காதீங்கன்னுதான் சொல்றேன். ராத்திரி பூராப் புகை பள்ளத்துல வந்து நிக்குது. பேரனுக்கு இளைப்பு. கட்டுத்தரையில மாடும் இருமுது."

"பகல்ல வெச்சா வெயிலுக்குத் தீ எகிறிடுமுங்கம்மா. சாயங்காலந்தான் எங்களால அடக்க முடியும்" என்றார் காவலர்.

இருவர் சொன்னதும் சரி. தீயை அடக்க வசதியான நேரம்தான் புகைக்குக் கெட்ட நேரம். இதற்கு வழி, வேலையை மாசிக் கடைசிவரை தள்ளாமல் மார்கழி, தையிலேயே முடிப்பது. அப்போது நண்பகல் வெயிலும் கடுமையாக இருக்காது. பனி ஈரம் காய்ந்த பிறகு பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கி, சிறு சிறு துண்டாக எரித்து, மூன்று மணிக்குள் நிறுத்தலாம். பிறகு இருட்டுவதற்குள் கனலும் கட்டைகளைப் புரட்டி மண்ணும் தண்ணீரும் போட்டு அணைக்க வேண்டும். எரிப்பதைவிட இந்தக் கடைசி வேலைக்குத்தான் ஆள் அதிகம் தேவை.

முன்னறிவிப்பு பார்ப்பது கடினம் அல்ல. இந்திய வானிலைத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. 'மேகதூத்' செயலியிலும் பார்க்கலாம். ஐந்து நாளுக்கான காற்றின் வேகம், திசை, காலை மாலை ஈரப்பதம், மேகமூட்டம் எல்லாம் அதில் இருக்கும். திசையைப் பாகையில் கொடுத்திருந்தால், அது காற்று வரும் திசை. 90 என்றால் கிழக்கிலிருந்து வருகிறது, புகை மேற்கே போகும். 270 என்றால் மேற்கிலிருந்து வருகிறது. காற்று மந்தமாகவும் காலை ஈரப்பதம் மிக அதிகமாகவும் போட்டிருந்தால் அது எரிப்பதற்கான நாள் அல்ல.

காட்டில் தீ வைப்பது வனத்துறையின் வேலை மட்டுமே. காப்புக்காட்டில் வேறு யார் தீ வைத்தாலும் குற்றம். காட்டை ஒட்டிய சொந்தத் தோட்டத்தில் கரும்புச் சோகையையும் வேலியோரச் செத்தையையும் கொளுத்துவதையும் விட்டுவிடுங்கள். சோகையைப் பார்களுக்கு இடையே பரப்பினால் ஈரமும் காக்கும், மக்கி உரமும் ஆகும்.

நீங்கள் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. தீக்கோடு எரிக்கும் நாளை முதல் நாளே ஊருக்குச் சொல்லும்படி வனச்சரக அலுவலகத்தில் ஊராட்சி மூலம் எழுதிக் கேளுங்கள். தெரிந்தால் இளைப்பு உள்ள குழந்தைகளையும் முதியவர்களையும் அன்றிரவு மேட்டுப்பக்கத்து உறவினர் வீட்டில் தங்க வைக்கலாம், மாட்டை இடம் மாற்றிக் கட்டலாம், விடியற்காலையில் பால் வண்டியைச் சற்றுத் தாமதித்து எடுக்கலாம். எழுதும்போது, எந்த ஓடை வழியே எத்தனை மணிக்குப் புகை இறங்குகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எந்த முன்னறிவிப்பிலும் இல்லாத அந்தத் தகவல் அங்கே குடியிருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.