காரியாபட்டி எவ்வளவு தூரம்?

ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தாடியவர்கள் அறிவார்கள்: மேற்கு மலைக் கணவாய்களிலிருந்து இறங்கிவரும் காற்று, உயர உதைத்த பந்தை உதைத்தவனிடமே திருப்பித் தந்துவிடும். ஆகவே பந்தைத் தரையோடு தரையாகக் கொண்டு செல்லவே நாங்கள் பழகினோம். உத்தமபாளையத்தில் கல்லூரி மாணவனாக இருந்த நாளில் யானும் கால்பந்து அணியில் பின்களத்தில் நின்றவன். கோப்பை எதையும் நாங்கள் வென்றதில்லை. ஆயினும் அந்நாட்களைப் பற்றி நான் வீட்டில் பேசியது சற்று அதிகம்தான்.

கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் என் மகள். முல்லைப் பெரியாற்றங்கரைத் திடலில் தன் அண்ணன்மாரோடு ஆடுவாள். இடக்கால்காரி. அவள் எட்டாம் வகுப்பில் பயின்றபோது, உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இல்லம் தேடி வந்து, "தேனியில் அணித் தேர்வு நடக்கிறது, பிள்ளையை அனுப்பி வையுங்கள்" என்றார். தேநீர் கொடுத்து, இன்மொழி கூறி, அவரை வெறுங்கையோடு அனுப்பி வைத்தேன். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம். உண்மையில் ஊர் எதுவும் சொல்லவில்லை. அது வாய் திறக்கும் முன்பே நான் முந்திக்கொண்டேன். மகள் அழவில்லை. பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டுப் பாடம் படிக்க அமர்ந்துவிட்டாள்.

ஆண்டுகள் பல உருண்டன. மதுரையை ஒட்டிய காரியாபட்டிப் பகுதியில் நம் சமுதாயத்தவர் நடத்தும் சேது தொழில்நுட்பக் கல்லூரியின் அரவணைப்பில், 2016-இல் சேது எஃப்.சி. என்ற பெண்கள் கால்பந்து அணி உருவாயிற்று. இந்திய மகளிர் லீக்கின் முதற்கோப்பை மணிப்பூருக்கும், 2018-இல் இரண்டாவது கோப்பை ஒடிசாவுக்கும் சென்றன. அவ்வாண்டு களமிறங்கிய சேது அணிக்குக் கோப்பை கிட்டவில்லை. அதே 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் போட்டியில் தமிழ்நாடு 2-1 என்று மணிப்பூரை வென்று முதன்முறையாக வாகை சூடியிருந்தது. தமிழ்ப் பெண்களால் இயலும் என்பதற்கு அதுவே சான்றாக நின்றது.

மறு பருவம் 2019 மே மாதத்தில் பஞ்சாபின் லூதியானாவில் நடைபெற்றது. வடநாட்டுக் கோடை வெயிலில், மூன்று வாரங்களுக்குள் அத்தனை ஆட்டங்களும் முடிந்தாக வேண்டும். காற்றோடு போராடிய எங்களுக்கே அந்த வெயிலை நினைத்தால் நா வறள்கிறது! அந்த அணியில் கடலூர் இந்துமதி கதிரேசன் ஆடினார். நேபாளத்து சபித்ரா பண்டாரியும் ஆடினார். மே 22 அன்று இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்று, அக்கோப்பையைத் தென்னாட்டுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது சேது. இந்துமதியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவல்துறைத் துணை ஆய்வாளரான அவர், 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் பணியாற்றினார்.

அது ரமலான் மாதம். வெற்றிச் செய்தி வந்த நாளிதழை, நோன்புக் கஞ்சி வாங்க வந்த மகள் கையில் எடுத்தாள். அவளுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். நின்றபடியே படித்தாள். பிறகு என்னை நோக்கி, "அத்தா, காரியாபட்டி நம்மூருல இருந்து எம்புட்டுத் தூரம்?" என்று வினவினாள்.

தேனிக்கு அனுப்பாத என்னிடம் கேட்கிறாள். அவள் சிறுமியாயிருந்தபோது சேது அணியே இல்லை என்று சமாதானம் கூறியிருக்கலாம், நா எழவில்லை.

"மதுரைக்கு மூணு மணி நேரம். அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறணும்" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றாள். நாளிதழை மடித்துக் கஞ்சித் தூக்கின்மேல் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் அவள் இளைய மகள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு காலி பிளாஸ்டிக் புட்டியை உதைத்துக்கொண்டிருந்தாள், இடக்காலால்.