கரிசலுக்கு வந்த பட்டாளத்துக் கம்பளி

மானாமதுரை சந்திப்பில் விருதுநகர் வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பட்டாளத்துக்காரர் யார் என்று கண்டுபிடிப்பது ஒருகாலத்தில் சுலபம். ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, பெட்டியைப் பார்த்தால் போதும். கறுப்புப் பெயின்ட் அடித்த தகர டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர், ஊர். பெட்டிமேல் வார் போட்டு இறுக்கிய ஹோல்டால். காஷ்மீரிலோ அசாமிலோ ரயிலேறியவர் மெட்ராஸ் சென்ட்ரலில் இறங்கி, எழும்பூருக்கு மாறி, ராமேஸ்வரம் வண்டியில் ராத்திரி முழுக்க வந்து, இங்கே மறுபடி இறங்கியிருப்பார். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்ற நினைப்புத்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தீபாவளியைவிடப் பெரிது.

மானாமதுரைக்கும் விருதுநகருக்கும் நடுவே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். 1960-களின் முற்பகுதியில் மீட்டர்கேஜாகப் போட்ட பாதை, 2013-இல் அகலப்பாதையானது. நடுவில் பெரிய ஊர்கள் என்று நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை. எங்கள் எம்.ரெட்டியபட்டிக்கு ரயில் கிடையாது. அருப்புக்கோட்டையில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷம் திருப்பூருக்கும் சென்னைக்கும் ஆள் போகும். அதற்கெல்லாம் முன்பிருந்தே பட்டாளத்துக்கு ஆள் போய்க்கொண்டிருந்தது. நிலம் கைவிட்டாலும் மாதாமாதம் மணியார்டர் வருகிற வேலை அது ஒன்றுதான்.

இந்தப் பாதையின் கிழக்கு முனையில் பட்டாளத்துச் சாமான் சொந்தக்காரரோடு வந்து இறங்கியது. மேற்கு முனையில், விருதுநகரில், அதே சாமான் காசுக்குக் கிடைத்தது. வீட்டில் பட்டாளத்துக்காரர் இல்லாதவர்கள் மேற்கே போனார்கள். நாங்கள் மேற்கே போனவர்கள்.

மானாமதுரையில் வண்டி ஏறினால், நரிக்குடி வருவதற்கு முன்பே ஜன்னலின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல் அடைத்துக்கொள்ளும். கண்மாய்க்குள்ளும் தரிசிலும் அதுதான் வெள்ளாமை. விறகாக வெட்டி, அடுக்கி, வைக்கோலும் இலைதழையும் போர்த்தி, மண் பூசி, புகைபோகத் துளை விட்டு, நாட்கணக்கில் புகையவிட்டால் கரி. மூட்டம் போடுகிறவர்களின் பாதத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் பட்டாளத்துப் பூட்ஸின் அருமை தெரியும். சீமைக்கருவேல் முள் ரப்பர் செருப்பை ஊடுருவி உள்ளங்காலில் இறங்கி உள்ளேயே ஒடியும். இரண்டு நாளில் சீழ் வைக்கும்; ஒரு வாரக் கூலி போகும். பட்டாளத்துப் பூட்ஸின் அடித்தோல் அடுக்கடுக்காக வைத்துத் தைத்தது; அதில் இரும்பு ஆணி, குதிகாலில் லாடம். அதில் எந்த முள்ளும் ஏறாது. சிமென்ட் தரையில் நடந்தால் டக்டக் என்று ஊரைக் கூட்டும், கனம் ஒரு வீசை இருக்கும், அளவும் சரியாக இருக்காது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு காலை நுழைப்பார்கள். வீரம் எதையும் காட்டிக்கொள்ள அவர்கள் அதைப் போடவில்லை. கால் வேண்டும் என்பதற்காகப் போட்டார்கள்.

திருச்சுழியில் வெளியூர்க்காரர்கள் இறங்குவது ரமணர் 1879-இல் பிறந்த வீட்டைப் பார்க்க. எங்களுக்கு அது தாலுகா ஆபீஸ் இருக்கும் ஊர். பழைய பட்டாளத்துக்காரர்கள் சான்றிதழுக்கும் பென்ஷன் காரியத்துக்கும் அங்கே வருவார்கள். அவர்களில் ஒருவர் தோளில்தான் அந்தத் தண்ணீர்ப் பாட்டிலை முதலில் பார்த்தேன். நீல எனாமல் பூசிய பாட்டில், கயிற்றில் தொங்கும் தக்கை மூடி, வெளியே தடித்த காக்கிக் கம்பளி உறை. குண்டாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்த வெயில்காலம். பெரியவர் பைப்படியில் பாட்டிலை நிரப்பினார். பிறகு உறையையும் முழுக்க நனைத்தார். தண்ணீரை வீணாக்குகிறாரே என்று நினைத்து நின்ற என்னிடம், "அரை மணி கழிச்சு வாய்யா, குடிச்சுப் பாரு" என்றார். பானைத் தண்ணீர் தோற்றது. நனைந்த உறையிலிருந்து ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிரும். கடலோரப் புழுக்கத்தில் இந்த வித்தை அரைகுறையாகத்தான் பலிக்கும். எங்கள் கரிசல் காற்றில் முழுசாகப் பலித்தது. எந்தத் தேசத்துப் பாலைவனத்துக்கென்று யோசித்துச் செய்தார்களோ, அது திருச்சுழிக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். தறிச் சத்தமும் மில் சங்கும் மல்லிகைப் பூவும்தான் அதன் அடையாளம். ஆனால் அங்கே நெய்த பருத்தி எதுவும் மார்கழிப் பனிக்குத் தாங்காது. வெயில் ஊர்க்காரனுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்பவர்கள், மிளகாய்க் காட்டில் ராக்காவல் படுத்ததில்லை, கிடை மறித்த இடத்தில் ஆடுகளுக்கு நடுவே கண்விழித்ததில்லை. பகலெல்லாம் கொதித்த கரிசல் விடியற்காலம் பனியில் நனைந்து சில்லிட்டுக் கிடக்கும். கட்டில் பனி, தலைமாட்டுச் சாக்கும் பனி. அதற்குள் ஒரு பட்டாளத்துக் கம்பளி போதும். மூன்று பேர் ஒண்டலாம்.

எங்கள் வீட்டுக் கம்பளி சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். உடம்பை அரிக்கும். ரசகற்பூர உருண்டை வாசனையும், ஈரம் பட்டால் ஆட்டு வாசனையும் வரும். ஒரு மூலையில் அழியாத மையில் குத்திய எண். பக்கத்தில் அம்பு மாதிரி ஒரு முத்திரை. அந்த அம்பை வைத்துத்தான் அது பிரிட்டிஷ் காலத்துச் சாமான் என்று வீட்டில் சொன்னார்கள். அரசாங்கச் சொத்து என்று காட்ட பிரிட்டிஷார் போட்ட குறி அது. அப்படியானால் அது பர்மா சண்டைக்குப் போய் வந்ததா, எந்தக் கிடங்கிலாவது சும்மா கிடந்ததா என்று தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் ராத்திரி நெடுகப் பேசுவார்கள். மலேயாவிலும் பர்மாவிலும் கூலிக்குப் போய், நேதாஜி படையில் சேர்ந்து திரும்பியவர்கள் ராமநாதபுரம் சீமையில் நிறைய. ஆகவே அந்தப் பேச்சு வெறும் கதையளப்பு இல்லை. ஒருவர் அனுபவத்தில் இன்னொருவர் திருத்தம் சொல்வார்.

அருப்புக்கோட்டைக்கு மேற்கே பாலவநத்தம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் தொடங்கிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன். அதைத் தாண்டினால் விருதுநகர் சீக்கிரம் வந்துவிடும்.

விருதுநகர் பஜாரில் பருப்பு மண்டி, வத்தல் மண்டி, எண்ணெய்க் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. போர்டில் பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. மிலிட்டரி சாமான் கடை என்றால் போதும். வாசலில் தார்ப்பாய் மடித்த அடுக்கு. உள்ளே கொடியில் கொசுவலை, கிரேட்கோட்டு, தோளில் துணி வைத்துத் தைத்த பச்சை ஜெர்சி. தரையில் பூட்ஸ் மலை. ஜோடி சேர்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அலுமினியச் சாப்பாட்டுத் தட்டுகள், கிட் பேக், நைந்த பெல்ட், அதன் பித்தளைக் கொக்கி. பூசணம், தோல், மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாசனை.

அப்பா பேரம் பேசும் முறை தனி. முதலில் பொருளைத் திருப்பிப் போட்டு உள்தையலைப் பார்ப்பார். தார்ப்பாயை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து ஊசித்துளை தேடுவார். பூட்ஸை வளைத்து, தோல் வெடிக்கிறதா என்று காதருகே வைத்துக் கேட்பார். அப்புறம்தான் வாய் திறப்பார்.

"அண்ணாச்சி, காட்டு வேலைக்காரன். பாத்துச் சொல்லுங்க."

"பாத்துத்தான் சொல்றேன். சர்க்காரு கண்டம் பண்ணுனதுங்க, ஆனா நீங்க கண்டம் பண்ண முடியாது."

உதவாது என்று கழிக்கிற அந்தக் கண்டத்துக்குப் பின்னால் பெரிய ஏற்பாடு ஒன்று உண்டு. கெடு முடிந்தது, மாடல் மாறியது, மிகுதியாகிப் போனது என்று ராணுவக் கிடங்கு ஒதுக்கும் சாமான் குவியல் குவியலாக ஏலத்துக்கு வரும். பெரிய வியாபாரி மொத்தமாக எடுப்பார்; அவரிடமிருந்து சின்ன வியாபாரி மூட்டைக் கணக்கில். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது இந்த ஏற்பாடு உச்சத்துக்குப் போனது. அமெரிக்கப் படை இங்கே விட்டுச் சென்ற சாமான்களை 1946 ஒப்பந்தப்படி இந்தியா எடுத்துக்கொண்டது. ஜீப்பு, லாரி, டகோட்டா விமானம் வரைக்கும் சந்தைக்கு வந்தன. ஆகாயத்தில் பறந்தது கம்பெனிகளுக்கு; சக்கரத்தில் ஓடியது பஸ், லாரி முதலாளிகளுக்கு; உடம்பில் போர்த்தியது எங்களுக்கு.

இந்த மாதிரிப் பழைய சாமான் கிடைக்கும் மூர் மார்க்கெட்டைப் பற்றிச் சென்னை போய் வந்தவர்கள் சொல்வார்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே என்பதால், எழும்பூர் வண்டிக்கு நேரம் கிடக்கும் பட்டாளத்துக்காரர்கள் அங்கே ஒரு சுற்றுச் சுற்றாமல் வர மாட்டார்கள். 1985 மே 30-இல் அது எரிந்துபோன சேதி வந்தபோது, ஒரு தடவைகூடப் பார்க்காத எங்கள் ஊர்க்காரர்களே வருத்தப்பட்டார்கள்.

ஏழை வீட்டுக்குப் புதுசாக வருகிற பொருள் பெரும்பாலும் மட்டமானதாகவே இருக்கும். கையில் இருக்கும் காசுக்கு அதுதான் கிடைக்கும். அடுத்த வருஷம் மறுபடி வாங்க வேண்டும். அந்தச் சந்துக் கடை ஒன்றுதான் இந்தக் கணக்கை உடைத்தது. சியாச்சின் குளிருக்கும் அசாம் மழைக்கும் தாங்க வேண்டும் என்று பரிசோதித்து வாங்கிய துணியும் தோலும், பழசு என்ற ஒரே காரணத்தால், கூலிக்காரர் விலைக்கு இறங்கி வந்தன. ஒரு ரூபாய் செலவழித்தாலும் உழைக்கிற பொருள் வாங்கினோம் என்ற நிமிர்வோடு அப்பா அந்தச் சந்திலிருந்து வெளியே வருவார். அந்த நிமிர்வு எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுகிறது.

சட்டை விஷயம் வேறு. பட்டாளத்தான் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு ராணுவ உடுப்புப் போட்டால் மூன்று மாதம்வரை சிறை என்று வெள்ளைக்காரன் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140-ஆவது பிரிவே சொன்னது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானத் தளத்தில் தாக்குதல் நடந்தபின், படை உடுப்பைக் கடைகளில் விற்க வேண்டாம், பொதுமக்கள் அணிய வேண்டாம் என்று ராணுவம் கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமான புதுப் புள்ளி டிசைனைப் பதிவு செய்து, வெளிச்சந்தையில் நகல் எடுப்பதையும் தடுத்துவிட்டார்கள். அது நியாயம். உயிரைக் கொடுக்கிறவன் உடுப்பு அவனுக்கு மட்டும் இருக்கட்டும். ஆனால் கம்பளியும் பூட்ஸும் தார்ப்பாயும் பாட்டிலும் உடுப்பு இல்லையே. அவையும் மெல்ல மெல்ல வராமல் போயின. ஏலம் இணையத்துக்குப் போய்விட்டது. சந்துக் கடைக்காரர் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. கடைகளில் இப்போது தொங்குவது பச்சைப் புள்ளி அச்சடித்த பாலியெஸ்டர். பார்க்கத்தான் மிலிட்டரி.

போன மார்கழியில் விருதுநகரில் இறங்கி அந்தச் சந்துக்குப் போனேன். அண்ணாச்சியின் மகன் இருந்தார். கம்பளி கேட்டேன். பானிபட் போர்வை எடுத்துப் போட்டார். பூட்ஸ் கேட்டேன், செக்யூரிட்டி வேலைக்கா, காட்டு வேலைக்கா என்று திருப்பிக் கேட்டார். காட்டு வேலைக்கு என்றேன். ஒரு ஜோடியை எடுக்கப்போனவர் கையை இழுத்துக்கொண்டார். "இது முள்ளுக்குத் தாங்காதுண்ணே. தெரிஞ்சவங்களுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.