தேரி மணலும் ஒரு சின்னப் பொத்தானும்

திருச்செந்தூர்க் கடற்கரையை விட்டுச் சாத்தான்குளம் பக்கம் திரும்பினால், கொஞ்ச தூரத்திலேயே நிலத்தின் நிறம் மாறிவிடுகிறது. செங்கல் பொடியைக் கொட்டிப் பரப்பியது போன்ற மணல். துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் இந்தச் சிவப்புக்குக் காரணம். ஊர்க்காரர்கள் இதைத் தேரி என்பார்கள். பனையும் முந்திரியும் குடைவேலமும் நிற்கின்றன. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலை ஒட்டி, இவ்வளவு மணலுக்கு நடுவிலும் ஒரு சுனை இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வருகிற கூட்டம் அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் திரும்பாது.

குதிரைமொழித் தேரியின் உட்பகுதி வனத்துறைக் காடு. அங்கே வண்டி ஓட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். ஆனால் தேரியின் ஓரங்களில் சொந்த நிலம் வைத்து முருங்கை போட்டிருப்பவர்களுக்கு மணலைக் கடந்தே ஆக வேண்டும். அப்படி ஒரு தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு முந்நூறு மீட்டர்தான். அந்த முந்நூறு மீட்டரில்தான் பிரச்னை.

தோட்டத்துக்காரர் பல வருடம் வளைகுடா நாட்டில் டிரைவராக இருந்தவர். ஊர் திரும்பி, ஃபோர் வீல் பிக்கப் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். ஓட்டுவது மகன். ஒரு நாள் காய் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவன் பாதி வழியில் நின்றுவிட்டான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமவே இல்லை; மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. டீசலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று நினைத்தான். கட்டுகளைத் தலைச்சுமையாக ரோட்டுக்குச் சேர்த்து, வேறு வண்டி பிடித்து மண்டிக்குப் போனபோது ஏலம் முடிந்திருந்தது. வெயிலில் வாடிய முருங்கைக்கு எடையும் குறையும், விலையும் குறையும்.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். "ஏல, இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. வண்டிதான் உன்னப் புடிச்சு வச்சிருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. இந்த மாதிரி வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார் உண்டு. ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் அந்தச் சக்கரத்துக்கு பிரேக் போடும். இன்ஜின் சக்தியையும் குறைக்கும். மழை ரோட்டில் இது உயிர் காக்கிற வேலை. ஆழமான பொடி மணலிலோ சக்கரம் கொஞ்சம் சுற்றிக்கொண்டேதான் முன்னேற முடியும். அந்த நேரத்தில் சக்தியைப் பிடுங்கினால் வண்டி வேகம் இழந்து புதைந்துவிடும். வளைவில் வண்டி திசை மாறி இழுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் போட்டு நேராக்குவது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்.

வழுக்கும் கார் படம் போட்ட பொத்தானை ஒருமுறை தட்டினால் பல வண்டிகளில் டிராக்‌ஷன் மட்டும் அணையும். சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஸ்டெபிலிட்டியும் அணையும். சில வண்டிகளில் ஃபோர் லோ போட்டாலே தானாக அணைந்துவிடும். வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதுதான் நல்லது. பழைய பிக்கப்களில் இந்தப் பொத்தானே கிடையாது, தேட வேண்டாம்.

பொத்தான் மட்டும் போதாது. மகனை இறங்கச் சொல்லி, முப்பதுக்கு மேல் இருந்த டயர் காற்றை இருபதுக்குப் பக்கத்தில் இறக்க வைத்தார் அப்பா. டயர் தட்டையாகி மணல்மேல் பரவி நிற்கும். அன்று வண்டி காலி. முழு பாரம் இருந்தால் அவ்வளவு இறக்கக் கூடாது, டயர் கெட்டுவிடும். பிறகு ஒரே சீரான வேகம், வெடுக்கென்று ஸ்டியரிங் திருப்பாமல். நின்றுவிட்டால் மேலும் மிதித்துக் குழி தோண்டாமல், வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும்.

எல்லாச் சறுக்கலுக்கும் இது மருந்து இல்லை. வரப்பு ஏறும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் அதைப் பிடித்து மற்றச் சக்கரத்துக்குச் சக்தி போக வழி செய்யும். அங்கே அணைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

மகன் கற்றுக்கொண்டான், கொஞ்சம் அதிகமாகவே. அணைத்ததை அப்படியே விட்டுவிட்டு ரோட்டில் ஏறத் தொடங்கினான். ஆடிக் காற்று தேரி மணலை அள்ளித் தார்ச்சாலையில் போடும் காலம் அது. ஒரு வளைவில் அந்த மெல்லிய மணல் படலத்தின்மேல் பின்பக்கம் விலகி, வண்டி பனை மரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முன் சீட்டில் அவன் தங்கை இருந்தாள். வீட்டில் இரண்டு நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

குறிப்பிட்ட வேகம் தாண்டினால் தானாகத் திரும்ப இயங்கும் வண்டிகளும் உண்டு. இன்ஜினை நிறுத்தி மறுபடி போட்டாலும் பெரும்பாலும் இயங்கிவிடும். அதை நம்பிக்கொண்டு யாரும் வளைவுக்குப் போவதில்லை.

இப்போது தார் தொடங்கும் இடத்தில் ஒரு பனையடியில் வண்டி நிற்கிறது. முதலில் பொத்தான், மஞ்சள் விளக்கு அணைந்ததா என்று தங்கைதான் எட்டிப் பார்க்கிறாள். பிறகு பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் நான்கு டயருக்கும் காற்று ஏற்றுகிறது. அதற்குள் அப்பா முருங்கைக் கட்டுகளின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுகிறார்.