கல்பொடியில் வாழ்பவர்கள்

சென்னை நங்கநல்லூர் ஆஞ்சநேயர் சன்னதியில் முகம் பார்க்க நன்றாக அண்ணாந்தாக வேண்டும். 32 அடி உயரம், ஒரே கல். 1995-ல் குடமுழுக்கு கண்ட கோயில். நோய்நொடி தீர வேண்டும் என்று வருகிறவர்கள் இங்கே உண்டு.

கோயிலுக்கு வயது குறைவுதான். ஆனால் கல்வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பல்லாவரம் குன்றில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது. திரிசூலத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயில். இங்குள்ள கருநீலப் பாறை வகைக்குத்தான் 1893-ல் ஹாலந்து என்ற நிலவியலாளர் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயருடையது; கல்கத்தாவில் அவர் கல்லறைமேல் கிடப்பதும் இதே வகைக் கல். மாமல்லபுரத்து ரதங்களும் பாறையில் செதுக்கியவையே.

இவ்வளவு பெரிய உருவத்தை எப்படிக் கொத்துவார்கள் என்று கேட்கத்தான் மாமல்லபுரம் போனேன். சாலையோரப் பட்டறையில் ஒரு மூத்த சிற்பி, "படுக்கவச்சுத்தான் சார் கொத்துவோம். நிக்கவச்சா உளி நிக்காது" என்றார். கல்லைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். மணிபோல நாதம் வந்தால் ஆண் கல், சாமிக்கு. தாளம்போல வந்தால் பெண் கல், அம்மனுக்கு. ஓசையே எழாவிட்டால் தரைக்குத்தான். காவி கரைத்துக் கோடு போட்டு, தாளம் எனும் முக அளவால் உடலைப் பிரித்து, வேண்டாததைப் பொளிந்து தள்ளுகிறார்கள். மழுங்கிய உளிகளை உலையில் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கூராக்குவது தனி வேலை. தோய்ச்சல் பிசகினால் முனை உடைந்துவிடும். கண் திறப்பது கடைசியில், கோயிலில்.

உளியில் பெரும்பாலும் தெறிப்பது சில்லு, அது கீழே விழுந்துவிடும். பட்டறையில் ஓடும் கட்டிங் மிஷின் கிளப்பும் பொடி அப்படியல்ல, வெள்ளைப் புகையாகக் காற்றிலேயே நிற்கிறது. கல்லில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்குக் குணமாக்கும் மருந்து இல்லை. மிஷின் பிடித்திருந்த பையன் மூக்கில் துண்டு மட்டும் கட்டியிருந்தான். துண்டு இந்தப் பொடியைத் தடுக்காது. மிஷின் வாயில் சொட்டும் ஒரு தண்ணீர்க் குழாயே பொடியைப் பெருமளவு அடக்கிவிடும்.

"குழாய் போடலாமே ஐயா?"

"போடலாம் சார். வேலை கொடுக்கிறவங்க கல்லு விலை கேப்பாங்க, கூலி கேப்பாங்க, லாரி வாடகை கேப்பாங்க. இதை யாரும் கேட்டதில்லை."

கேட்க வேண்டியவர்கள் நாம்தான். திருப்பணிக்கு ரசீது வாங்கும் ஒவ்வொருவரும் திருப்பணிக் குழுவிடம் இதைக் கேட்கலாம்: மதிப்பீட்டில் தண்ணீர்க் குழாய், நல்ல முகக்கவசம், கொத்துகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நெஞ்சுப் படம் உண்டா? இல்லையென்றால், அதைச் சேர்த்த பிறகு ரசீது போடச் சொல்லலாம்.