ரீபூட்டுக்கு ஒரு குறுக்கு வழி

இன்று கொஞ்சம் தொழில்நுட்பம். லினக்ஸ் பக்கம் போகாதவர்கள் மன்னிக்கவும்.

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பழைய சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கம்பெனி கழித்துவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாதிரி வினாத்தாள்களை அதில்தான் எழுதிப் பார்க்கிறார்கள்.

லினக்ஸில் பாதுகாப்பு ஓட்டை ஏதாவது தெரியவந்தால், அதை அடைத்த புதுக் கெர்னல் வரும். நிறுவினால் மட்டும் போதாது, ரீபூட் செய்தால்தான் அது ஓடும். எங்கள் சர்வருக்கு ரீபூட் என்றால் ஏழு நிமிடம். அதில் லினக்ஸின் பங்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மீதியெல்லாம் ஃபர்ம்வேர் அட்டெண்டன்ஸ் எடுக்கும் நேரம்: மெமரி இருக்கிறாயா, ரெய்டு கார்டு இருக்கிறாயா, நெட்வொர்க் கார்டு இருக்கிறாயா... இதற்குப் பயந்தே பல இடங்களில் 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்கிறார்கள். அதுவரை ஓட்டை திறந்தே கிடக்கும்.

இதற்குத்தான் கெக்ஸெக். எரிக் பீடர்மேன் தொடங்கிய வேலை, 2005-இல் 2.6.13 பதிப்பில் லினக்ஸோடு சேர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலே புதுக் கெர்னலை மெமரியில் ஏற்றி வைத்துக்கொள்ளும். நேரம் வந்ததும் பொறுப்பை அதனிடம் கொடுத்துவிட்டு விலகிவிடும். ஃபர்ம்வேரும் பூட்லோடரும் நடுவில் வருவதே இல்லை.

போன வியாழக்கிழமை ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில் மாற்றினேன். ஒரு பெண், "சார், நெட் போச்சா?" என்றாள். "இரும்மா" என்று சொல்லி, நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது.

சிலர் நினைப்பதுபோல் ஓடும் வேலைகள் தடையின்றித் தொடராது. எல்லாம் நின்று, மறுபடி தொடங்கும். முதலில் 'கெக்ஸெக் -எல்' கொடுத்துப் புதுக் கெர்னலை ஏற்ற வேண்டும். அடுத்து 'கெக்ஸெக் -ஈ' கொடுத்தால் எதையும் ஒழுங்காக மூடாமல் அப்படியே தாவிவிடும்; எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடலாம். 'சிஸ்டம்சிடிஎல் கெக்ஸெக்' என்று கொடுங்கள். சர்வீஸ்களை நிறுத்தி, டிஸ்குகளை முறையாக விடுவித்த பிறகே தாவும்.

இதே வசதியில்தான் கேடம்ப்பும் நடக்கிறது. கெர்னல் நொறுங்கினால், தனியாக ஒதுக்கிய மெமரியில் காத்திருக்கும் இன்னொரு கெர்னல் எழுந்து, இறந்ததன் மெமரியைச் சேமித்து வைக்கும். பிரேதப் பரிசோதனைக்கு! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

ஒன்று மட்டும். ஃபர்ம்வேர் தலையிடாததால் சில கிராபிக்ஸ், நெட்வொர்க் கார்டுகள் பழைய நிலையிலேயே நின்று முரண்டு பிடிக்கும். முதல் தடவை வீட்டிலிருந்தபடி செய்யாதீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில், பவர் பட்டன் எட்டும் தூரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.